'ஜென்சன் மாதிரி ஆராய்ச்சி பண்ணணும்' என்கிறாள் மகள்: சி.ஏ.வை விடலாமா?

கேள்வி: என் மகள் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சி.ஏ. இன்டரில் ஒரு குரூப் பாஸ் செய்துவிட்டாள். இப்போது திடீரென்று சி.ஏ. வேண்டாம், ஃபைனான்ஸில் பிஎச்.டி. செய்கிறேன், கார்ப்பரேட் கவர்னன்ஸ்தான் என் துறை என்கிறாள். காரணம் கேட்டால் மைக்கேல் ஜென்சன் என்று ஒருவர் பெயரைச் சொல்கிறாள். நான் விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறேன். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. யார் சார் அந்த ஜென்சன்? அவர் பார்த்த வேலையைப் பார்த்துப் பிழைக்க முடியுமா?

பதில்:

ஐயா, வணக்கம். மகள் சொல்லும் கார்ப்பரேட் கவர்னன்ஸ் என்பது, கம்பெனியை நடத்துகிறவர்களை ஒழுங்காக நடக்க வைக்கும் ஏற்பாடுகளைப் பற்றிய துறை. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிழைக்க முடியும், கௌரவமாகவே பிழைக்கலாம். ஆனால் சி.ஏ.வை இந்த நேரத்தில் விட வேண்டாம் என்பது என் கட்சி. ஏன் என்று புரிய ஜென்சனின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்ளலாம். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மைக்கேல் ஜென்சன் 1939-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். அங்கேயே மெக்காலெஸ்டர் என்ற சின்னக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துவிட்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ., பிறகு 1968-ல் பிஎச்.டி. முடித்தார். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சுமார் இருபது வருடம், அப்புறம் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல். 2024 ஏப்ரலில், 84 வயதில் காலமானார். நோபல் பரிசு வாங்கவில்லை. அவரோடு சேர்ந்து எழுதிய யூஜின் ஃபாமா 2013-ல் வாங்கினார். ஒப்பந்தக் கோட்பாட்டுக்காக ஆலிவர் ஹார்ட்டும் பெங்ட் ஹோல்ம்ஸ்ட்ராமும் 2016-ல் வாங்கினார்கள். ஆனாலும் உலகத்தில் எந்த பிசினஸ் ஸ்கூலுக்குப் போனாலும் ஜென்சன் பெயரைக் கேட்காமல் வெளியே வர முடியாது.

உங்கள் மகள் அவரை முதலில் சந்தித்தது மியூச்சுவல் ஃபண்ட் பாடத்தில்தான் இருக்க வேண்டும். நீங்கள் எஸ்.ஐ.பி. கட்டும் ஃபண்டின் விவரத்தாளில் 'ஆல்பா' என்று ஓர் எண் இருந்தால், அது ஜென்சன் தந்தது. விஷயம் இதுதான். ஒரு ஃபண்ட் வருடத்துக்கு 14 சதவீதம் தந்தது என்று வைத்துக்கொள்வோம். அரசாங்கப் பத்திரம் 6 சதவீதம், மார்க்கெட் 12 சதவீதம். ஃபண்டின் பீட்டா 1.2. அதாவது மார்க்கெட் 10 ரூபாய் ஏறி இறங்கினால் இது 12 ரூபாய் ஏறி இறங்கும். அவ்வளவு ஆட்டத்தைத் தாங்கியதற்கு நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டியது, 6 கூட்டல் 1.2 பெருக்கல் 6 (பத்திரத்தைவிட மார்க்கெட் கூடுதலாகத் தந்தது), ஆக 13.2. கிடைத்தது 14. மேனேஜரின் திறமை என்று சொல்லிக்கொள்ள மிஞ்சுவது 0.8 சதவீதம்தான். மீதியெல்லாம் காற்றடித்த திசையில் போனது.

இந்த அளவுகோலை வைத்து 1945 முதல் 1964 வரை அமெரிக்காவின் 115 ஃபண்டுகளை ஜென்சன் சோதித்தார். செலவுகளைக் கழித்த பிறகு சராசரி ஆல்பா வருடத்துக்குச் சுமார் மைனஸ் 1.1 சதவீதம். செலவைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தாலும் மைனஸ்தான். சும்மா எல்லாப் பங்குகளிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் போட்டுவிட்டுத் தூங்கியவர், சம்பளம் கொடுத்து நிபுணரை வைத்தவரை விட நன்றாக இருந்திருப்பார் என்று அர்த்தம். முப்பது வயதுகூட ஆகாத ஒரு மாணவர், ஒரு பெரிய தொழிலின் முகத்துக்கு நேரே இதைச் சொன்னார். கையில் இருந்தது தரவும் கணக்கும். இந்த இடத்தை மகள் கவனிக்க வேண்டும். எனக்கு மார்க்கெட் பிடிக்கும், கவர்னன்ஸ் பிடிக்கும் என்று சொல்வது ஆர்வம். ஆராய்ச்சிக்கு அதன் மேல் புள்ளியியல் வேண்டும்.

அவருடைய பெரிய வேலை 1976-ல் வந்தது. ராச்செஸ்டரில் அவருடைய டீன் வில்லியம் மெக்லிங். இருவரும் சேர்ந்து கம்பெனி என்றால் என்ன, அதற்குள் யாருடைய பணத்தை யார் செலவு செய்கிறார்கள் என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். உங்கள் கடையை வைத்தே அதைச் சொல்லிவிடலாம். கடை முழுக்க உங்களுடையது. 40 லட்சம் ரூபாய்க்குக் கடைப் பெயரில் ஒரு கார் வாங்கினால் 40 லட்சமும் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகிறது. அதனால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பீர்கள். நாளைக்கே கடையில் 60 சதவீதத்தை வெளியாருக்கு விற்றுவிட்டு, நிர்வாகத்தை மட்டும் நீங்கள் வைத்துக்கொண்டால்? அதே கார் உங்கள் கணக்கில் 16 லட்சம்தான். ஓட்டுவது நீங்கள், மீதி 24 லட்சம் மற்றவர் தலையில். நீங்கள் கெட்டவராக மாறவில்லை. கணக்கு மாறிவிட்டது.

கட்டுரை அதோடு நிற்கவில்லை. பங்கு வாங்க வருகிறவரும் முட்டாள் இல்லையே. இந்த ஆள் இப்படிச் செலவு செய்வார் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, விலையைக் குறைத்துத்தான் கேட்பார். ஆக அந்த நட்டம் சுற்றிவந்து விற்பவர் தலையிலேயே விழுகிறது. அதனால்தான் நிர்வாகி தானாகவே முன்வந்து ஆடிட்டரை வையுங்கள், கணக்கைப் பாருங்கள், என் கையைக் கட்டிப் போடுங்கள் என்கிறார். கண்காணிக்க ஆகும் செலவு, 'நான் ஒழுங்காக இருப்பேன்' என்று உறுதி காட்ட ஆகும் செலவு, இத்தனைக்குப் பிறகும் கசியும் மிச்ச நட்டம். இந்த மூன்றையும் சேர்த்து ஏஜென்சி செலவு என்றார்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மகள் விட்டுவிடுகிறேன் என்று சொல்லும் சி.ஏ. என்பது இந்தக் கோட்பாட்டின் கண்காணிப்புப் பக்கம். கம்பெனி செக்ரட்டரி வேலையும் அதே பக்கம்தான். லிஸ்ட் ஆன கம்பெனிகளும், செலுத்திய மூலதனம் 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகளும் முழுநேர செக்ரட்டரி வைத்தே ஆக வேண்டும் என்கிறது நம் சட்டம். பங்குதாரர்கள் எந்தத் தீர்மானத்துக்கு எப்படி ஓட்டுப் போடலாம் என்று ஆலோசனை சொல்லும் பிராக்ஸி நிறுவனங்கள், பணம் போட்ட கம்பெனிகளைக் கவனித்துவரும் ஃபண்ட் கம்பெனிகளின் ஸ்டீவர்ட்ஷிப் பிரிவு, பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் அதிகாரிகள், ரேட்டிங் ஏஜென்சிகள் எல்லாம் அதே மரத்தின் கிளைகள். கார்ப்பரேட் கவர்னன்ஸில் ஆர்வம் என்றால் பிஎச்.டி. மட்டும்தான் வழி என்று அவள் நினைத்திருந்தால், அதை முதலில் தெளிவுபடுத்திவிடுங்கள். அவளுக்குப் பிடித்திருப்பது ஆராய்ச்சியா, அந்தத் துறையா என்பதே இன்னும் முடிவாகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சமாச்சாரம். ராச்செஸ்டர் அன்றைக்கு ஹார்வர்டு அளவுக்குப் பெயர் போன இடம் இல்லை. அங்கே உட்கார்ந்துதான் ஜென்சன் தன் மிகப் பெரிய கட்டுரையை எழுதினார். 1974-ல் ஃபாமா, ராபர்ட் மெர்ட்டன் இருவரோடு சேர்ந்து நிதிப் பொருளாதாரத்துக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். அந்தக் கட்டுரை வந்ததும் அதில்தான். 1994-ல் எஸ்.எஸ்.ஆர்.என். என்ற இணையக் களஞ்சியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அவரே. ஆய்விதழில் அச்சாகும் முன்பே கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற ஏற்பாடு அது. 2016-ல் எல்சிவியர் நிறுவனம் அதை வாங்கிவிட்டது, ஆனாலும் விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு உங்கள் மகள் இன்றைக்கும் அங்கே ஏராளமான கட்டுரைகளைக் காசில்லாமல் இறக்கிப் படிக்கலாம். ஆகவே கல்லூரிப் பெயரைவிட, யாருக்குக் கீழே யாரோடு சேர்ந்து வேலை செய்கிறோம் என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். மெக்லிங் இல்லாமல் ஜென்சன் இல்லை.

1986-ல் அவருடைய அடுத்த பெரிய கட்டுரை. கையில் தேவைக்கு மேல் ரொக்கம் புரளும் கம்பெனி என்ன செய்யும்? எண்ணெய்க் கம்பெனிகளை உதாரணம் காட்டினார். 1970-களில் கச்சா எண்ணெய் விலை ஏறியதும் பணம் கொட்டியது. அதைப் பங்குதாரருக்குத் திருப்பிக் கொடுக்காமல், மொபில் ஒரு சில்லறை வியாபாரக் கம்பெனியை வாங்கியது. எக்ஸான் மின்சாதனக் கம்பெனியும் ஆபீஸ் இயந்திரக் கம்பெனியும் வாங்கியது. எண்ணெய் எடுக்கத் தெரிந்தவருக்கு ஆபீஸ் இயந்திரம் எதற்கு? கடன் வாங்கினால் வட்டி கட்டியே தீர வேண்டும், அப்போது நிர்வாகிக்கு விளையாடப் பணம் மிஞ்சாது, அதனால் கடன் ஒரு கடிவாளம் என்றார். கம்பெனிகளைக் கடன் வாங்கிக் கைப்பற்றுவதை அமெரிக்காவே திட்டிக்கொண்டிருந்த காலத்தில், அது நல்லது என்று வாதாடினார். அந்தக் கைப்பற்றல்களில் வேலை போனவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பது வேறு கதை. அவர் அந்தப் பக்கம் போதிய அளவு பார்க்கவில்லை என்று நான் நினைக்கிறேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, மகளுக்கும் மிகவும் தேவையான பகுதி.

1990-ல் கெவின் மர்ஃபியோடு சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார். பங்குதாரர்களின் சொத்து 1,000 டாலர் கூடினால் அந்தக் கம்பெனியின் தலைமை நிர்வாகிக்கு எவ்வளவு கூடுகிறது? 3 டாலர் 25 சென்ட். இப்படிச் சம்பளம் கொடுத்தால் அவர் அரசாங்க அதிகாரி மாதிரிதான் வேலை பார்ப்பார், முதலாளி மாதிரி யோசிக்க வேண்டுமென்றால் பங்கில் அவருக்கு நிஜமான கை இருக்க வேண்டும் என்றார்கள். அதைக் கம்பெனிகள் தங்களுக்கு வசதியாகப் புரிந்துகொண்டன. 1990-களில் ஸ்டாக் ஆப்ஷனை, அதாவது முன்பே முடிவு செய்த விலையில் பங்கு வாங்கும் உரிமையை, அள்ளி அள்ளிக் கொடுத்தன. பங்கு விலை ஏறினால் லாபம், இறங்கினால் கைக்காசு எதுவும் போகாது. அப்புறம் என்ன, விலையை ஏற்றுவதே தொழில் ஆனது. கணக்கு மோசடியில் சிக்கி 2001-ல் என்ரான் என்ற பெரிய அமெரிக்கக் கம்பெனி விழுந்தது, 2002-ல் வேர்ல்ட்காம்.

ஜென்சன் ஒதுங்கிக்கொள்ளவில்லை. பங்கின் விலை தகுதிக்கு மீறி ஏறுவது நிர்வாகிகளுக்கு ஹெராயின் மாதிரி, தொடக்கத்தில் சுகமாக இருக்கும், முடிவு நாசம் என்று எழுதினார். பட்ஜெட் இலக்கோடு போனஸைக் கட்டுவது என்பது ஆட்களுக்குப் பொய் சொல்லச் சம்பளம் கொடுப்பது என்றார். பிற்காலத்தில் சுயமேம்பாட்டுப் பயிற்சிகளால் பெயர்பெற்ற வெர்னர் எர்ஹார்டோடு சேர்ந்து, சொன்ன சொல்லைக் காப்பது என்பதையே ஒரு பொருளாதாரக் காரணியாக வைத்து எழுதினார். பழைய சகாக்கள் சிலருக்கு அது வினோதமாகத் தெரிந்தது. எனக்கும் அதில் எல்லாம் உடன்பாடில்லை. ஆனால் 1968-ல் பிடித்த கேள்வியை, அதாவது அடுத்தவர் பணத்தை வைத்திருப்பவர் ஒழுங்காக நடந்துகொள்வாரா என்பதை, சாகும் வரை அந்த மனிதர் விடவில்லை.

விமர்சனமும் பலமாக வந்தது. அதில் முக்கியமானவர் நம் நாட்டுக்காரர், கொல்கத்தாவில் பிறந்த சுமந்த்ர கோஷல். 'மனிதன் சுயநலக்காரன், கட்டிப்போட்டால்தான் ஒழுங்காக இருப்பான்' என்று வகுப்பில் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தால் மாணவர்கள் அப்படியே ஆகிவிடுவார்கள் என்பது அவர் வாதம். அவர் இறந்த பிறகு, 2005-ல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. ஜென்சனைப் படிக்கும் உங்கள் மகள் கோஷலையும் படித்தாக வேண்டும். ஒருவரை மட்டும் படித்தால் பக்தி வரும், இருவரையும் படித்தால்தான் ஆராய்ச்சி வரும்.

நம் ஊருக்கு இதெல்லாம் பொருந்துமா? பாதிதான் பொருந்தும். அமெரிக்காவில் பங்கு ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கும், அதனால் நிர்வாகிக்கும் பங்குதாரருக்கும் சண்டை. இங்கே பெரும்பாலான கம்பெனிகளில் அதைத் தொடங்கி நடத்தும் புரொமோட்டர் குடும்பத்திடம் பெரிய பங்கு இருக்கும், அதனால் சண்டை பெரிய பங்குதாரருக்கும் சின்னப் பங்குதாரருக்கும். ஹைதராபாத் ஐ.டி. கம்பெனி சத்யமை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 டிசம்பரில் அதன் நிறுவனர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்துக்கு சத்யமில் இருந்தது 10 சதவீதத்துக்கும் குறைவு. தாங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருந்த மேட்டாஸ் கம்பெனிகளை சத்யம் பணத்தில் வாங்கப் பார்த்தார்கள். கார் கணக்கு நினைவிருக்கிறதா? அதேதான், சற்றுப் பெரிய எண்களில். முதலீட்டாளர்கள் கொதித்ததும் ஒரே நாளில் கைவிட்டார்கள். 2009 ஜனவரி 7-ல் ராமலிங்க ராஜு, கணக்கில் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் பொய் என்று கடிதம் எழுதினார். அந்த போர்டில் ஹார்வர்டில் பாடம் எடுக்கும் கவர்னன்ஸ் நிபுணர் ஒருவரும் இயக்குநராக இருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த இந்தியக் கேள்வியில்தான் இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கிறது. இங்கே குழுமக் கம்பெனிகளுக்குள் லாபம் எப்படிச் சத்தமில்லாமல் இடம் மாறுகிறது என்று 2002-ல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை வந்தது. எழுதிய மூவரில் ஒருவர் செந்தில் முல்லைநாதன், தமிழ்நாட்டில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா போனவர். இந்தியக் கம்பெனிகளின் கணக்குகள்தான் அந்த ஆராய்ச்சிக்கான மூலப்பொருள். அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறமையை சி.ஏ. போலக் கற்றுத்தரும் படிப்பு வேறு இல்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம்.

இன்டரின் அடுத்த குரூப்பை முடிக்கட்டும். பிறகு இரண்டு வருட ஆர்ட்டிகிள்ஷிப்பை, அதாவது ஆடிட்டரிடம் செய்யும் கட்டாயப் பயிற்சியை, லிஸ்ட் ஆன கம்பெனிகளை ஆடிட் செய்யும் ஒரு ஃபர்மில் செய்யட்டும். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் மட்டும் போடும் ஆபீஸில் உட்கார்ந்தால் இந்த ஆசைக்கு அது உதவாது. சொந்தக்காரர்களோடு கம்பெனி செய்யும் பரிவர்த்தனைகள் பற்றிய குறிப்பு ஆண்டறிக்கையில் எப்படித் தயாராகிறது என்று ஒரு தடவை கூடவே இருந்து பார்த்தால், பின்னாளில் ஆய்வுக்கேள்வி தானாகக் கிடைக்கும். பட்டத்தோடு சி.ஏ. முடித்தவர்களைப் பல ஐ.ஐ.எம்.கள் பிஎச்.டி.க்கு எடுத்துக்கொள்கின்றன. முதுகலை கட்டாயம் இல்லை. கேட் (CAT) மதிப்பெண்ணோ, ஜி.ஆர்.இ., ஜிமேட் மதிப்பெண்ணோ கேட்பார்கள்.

சி.ஏ.வே கசக்கிறது, ஒரு நாள்கூட முடியாது என்றால் வேறு வழி உண்டு. சென்னை கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், மும்பையில் ரிசர்வ் வங்கி நிறுவிய இந்திரா காந்தி ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் பொருளாதார முதுகலை. பிறகு அங்கேயோ, ஐ.ஐ.எம்., ஐ.ஐ.டி.யிலோ, வெளிநாட்டிலோ பிஎச்.டி. அமெரிக்காவின் நல்ல பிஎச்.டி. படிப்புகளில் ஐந்து வருடம் போலக் கட்டணம் இல்லாமல் உதவித்தொகையும் தருகிறார்கள். பணம் கட்டி பிஎச்.டி. சேரச் சொல்லி யாராவது ஏஜென்ட் வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எந்த வழியானாலும் பி.காம். கணக்கு போதாது. கால்குலஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, நிகழ்தகவு, எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுக்கான புள்ளியியல்), கூடவே ஆர் (R) அல்லது பைத்தான் என்ற கணினி மொழி. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணைய வகுப்புகளில் இலவசமாகவே தொடங்கலாம். ஆசை உண்மைதானா என்று பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். நீங்கள் பணம் போட்டிருக்கும் ஃபண்டின் ஐந்து வருட மாதாந்திர என்.ஏ.வி.யை (ஒரு யூனிட்டின் மதிப்பை) ஃபண்ட் கம்பெனிகளின் சங்கமான ஆம்ஃபியின் தளத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். நிஃப்டியின் டிவிடெண்ட் சேர்த்த குறியீட்டையும், 91 நாள் கருவூலப் பத்திரத்தின் வட்டியையும் பக்கத்தில் வைத்து, அவளே எக்செல்லில் பீட்டாவையும் ஆல்பாவையும் கண்டுபிடிக்கட்டும். முடித்த கையோடு 'அப்பா, வேறு பத்து ஃபண்டுக்கும் பார்க்கட்டுமா?' என்று கேட்டால் நீங்கள் அவளைத் தடுப்பதில் பயனில்லை. பாதியில் போரடித்தால் ஆடிட்டிங்கே அவளுக்கு நல்ல வாழ்க்கை.

வருமானம் பற்றி. யு.ஜி.சி. நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடத்துக்குப் பிறகு 42,000. ஐ.ஐ.எம்.களும் பிஎச்.டி. மாணவர்களுக்கு மாத உதவித்தொகை தருகின்றன. முடித்த பின் அரசு, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி அடிப்படைச் சம்பளம் 57,700-ல் தொடங்குகிறது, படிகள் தனி. ஐ.ஐ.எம்., ஐ.ஐ.டி.யில் உதவிப் பேராசிரியரில் மேல் நிலையான கிரேடு 1-க்கு 1,01,500. தனியார் கல்லூரிகள் பலவற்றில் இதில் பாதிகூட வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதனால்தான் எங்கே, யாரிடம் பிஎச்.டி. என்பதில் நான் இவ்வளவு கறாராக இருக்கிறேன். கைடின் பெயரைப் போட்டு அவருடைய மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்துவிட்டுச் சேர வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள்: வயது, கல்யாணம். சி.ஏ. முடித்து பிஎச்.டி.யும் முடிக்க இருபத்தெட்டு, முப்பது ஆகலாம். அது தாமதமே இல்லை. மேலே சொன்ன கோஷல், இந்தியன் ஆயிலில் வேலை பார்த்துவிட்டு, முப்பதுக்குப் பிறகு அமெரிக்கா போய் எம்.ஐ.டி., ஹார்வர்டு இரண்டிலும் முனைவர் பட்டம் வாங்கியவர். படிப்பின் நடுவில் கல்யாணம் செய்துகொண்டு தொடர்ந்தவர்களும் நிறையப் பேர் உண்டு. வரன் பார்ப்பதாக இருந்தால், இன்னும் பல வருடப் படிப்பு இருக்கிறது, வெளியூரில் தங்க வேண்டிவரும் என்பதை முதல் பேச்சிலேயே அவளை வைத்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். அதற்கு முன்னால் இன்டர் தேர்வுக்கான விண்ணப்பத் தேதியைப் பார்த்து அவளை இரண்டாவது குரூப்புக்குப் பணம் கட்டச் சொல்லுங்கள்.